யாரு கட்டின சீலைங்க?

வாங்க, வாங்க. செருப்பை அந்தப் பக்கமா விடுங்க. பையைப் பாத்தாலே தெரியுதுங்க, எதுக்கு வந்திருக்கீங்கன்னு. இந்த மாசத்துல நீங்க பதினேழாவது ஆளு. மித்தவங்க எல்லாம் பார்சல்ல திருப்பி அனுப்பிச்சாங்க. நீங்க பஸ்ஸேறியே வந்துட்டீங்க. எந்த ஊரு, திருச்சியா? அடேயப்பா. ஒத்தைச் சீலையத் திருப்பிக் குடுக்கத் திருச்சியிலிருந்து சித்தோட்டுக்கு. வூட்டுல வேற சோலியே இல்லீங்களா அம்மிணி?

உக்காருங்க. அந்தச் சேரு வேண்டாம், அதுக்குக் காலு ஆடும். இந்தக் கட்டில்லயே உக்காருங்க. தண்ணியக் குடிங்க. குடிச்சுப்போட்டு நான் சொல்றத நல்லாக் கேட்டுக்கங்க. பணம் திருப்பித் தரமாட்டேன். அது பேஜ்லயே எழுதியிருக்குது, படிச்சுட்டுத்தான வாங்குனீங்க? மாத்திக்கலாம். இந்த ரூமுல கெடக்கறதுல எது வேணுமோ எடுத்துக்கங்க. ஒண்ணுக்கு ரெண்டாவே எடுத்துக்கங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இந்த ரூமு காலியாகோணும். நாளைக்கு என்ற நங்கை வர்றா. அவ கண்ணுல இதுல ஒரு சீலை படக்கூடாது.

நங்கைன்னா தெரியாதுங்களா? அண்ணன் பொண்டாட்டிங்க. உங்க பக்கம் அண்ணிம்பீங்க. பேரு ஜெகதாம்பாள். ஆமா, அவளேதான். பேஜ்ல மேலால போட்டாவுல மாலையும் கழுத்துமா நிக்கறாளே, அவதான். பக்கத்துல மீசையோட நிக்கறது எங்கண்ணன் சென்னியப்பன். அவங்க அறுபதாங் கல்யாணத்துல எடுத்தது. அந்தப் போட்டாவப் பாத்துத்தான நீங்களும் வாங்குனீங்க? பொய் சொல்லாதீங்க. எல்லாரும் அதப் பாத்துத்தான் வாங்குனீங்க.

இப்ப ஏமாத்திப்போட்டாங்கறீங்க. கமெண்ட்டுல எழுதறீங்க, வாய்க்கு வந்தபடி. திருடிங்கறாங்க, சண்டாளிங்கறாங்க. படிச்ச பொம்பளைங்க எழுதற எழுத்தா அது? நான் யார ஏமாத்துனேன்? கேட்டதுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். கேள்வியக் கேட்டது நீங்க.

இந்தப் பழஞ்சீலை யாவாரத்துக்கு வாரப்ப எனக்கு ஒரு எழவும் தெரியாதுங்க. சீலை தெரியும். இருபது வருசமாச் சீலைக்கு ஃபால்ஸ் தைச்சவ நானு, முந்தானைக்குக் குஞ்சம் கட்டுனவ. கீழ்க்கரையத் தொட்டுப் பாத்தாப் போதும், எத்தனை தடவை கட்டுனதுன்னு சொல்லிப்போடுவேன். ஆனா விக்கறது வேற சோலியில்லீங்களா? மொதல்ல ஒரு மயில்கழுத்துப் பட்டைப் போட்டா எடுத்துப் போட்டேன். டியூப் லைட்டு வெளிச்சத்துல எடுத்தது. மெட்ராஸ்ல ஒருத்தி வாங்கிட்டு, நீலம்னு போட்டுப் பச்சைய அனுப்பிட்டீங்கன்னு ஒரே சண்டை. மயில்கழுத்துன்னா ரெண்டுந்தான இருக்கும்? சொன்னாக் கேக்கோணுமே. அதுக்கப்பறந்தான் தெரிஞ்சுது, காலையில ஒம்பது மணிக்கு மொட்டைமாடியில வெச்சு எடுக்கோணும்னு.

பொறவு வாசம். பீரோவுல கெடந்த சீலைக்குப் பாச்சை உருண்டை வாசம் வரத்தான செய்யும்? அது ஆகலைன்னாங்க. சரின்னு கொஞ்சமா சென்ட் அடிச்சு அனுப்பினேன். சென்ட் அடிச்சு எதைங்க மறைக்கறீங்கன்னு ஒருத்தி கேக்கறா. பட்டைத் தண்ணியில போடக்கூடாது, வெயில்லயும் போடக்கூடாது. நெழல்ல நாலு நாள் விரிச்சு வெச்சுட்டுத்தான் மடிக்கோணும். இதையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? திட்டு வாங்கி வாங்கியே கத்துக்கிட்டது.

இன்னொருத்தி, ஊரச் சொல்லமாட்டேன், சீலை கிழிஞ்சு வந்திருக்குதுன்னா. பார்சல் பிரிக்கறத வெட்டாம வீடியோ எடுத்து அனுப்புங்கன்னேன். அனுப்புனா. அதுல அவளே பிளேடை வெச்சு சர்ருன்னு கிழிக்கறா, பார்சலோட சேத்துச் சீலையவும். அவ கையி, அவ பிளேடு. அதையும் எனக்கே அனுப்பி எங்கிட்டயே சண்டை. இப்படி ஆளுங்களோட எல்லாம் நான் மாரடிச்சிருக்கேன்.

இதெல்லாங்கூடத் தாங்கிக்கலாமுங்க. தாங்க முடியாதது ஒண்ணுதான். யாரு கட்டின சீலைங்க?

மொதமொதல்ல கேட்டவ கரூருக்காரி. நல்ல அரக்கு. ரெண்டு பக்கமும் சரிகை. பிளவுஸ் துணியக்கூட வெட்டல. அவ சரிகையக் கேக்கல, நீளத்தக் கேக்கல. யாரு கட்டினதுங்க, அவங்க நல்லா இருக்காங்களான்னு கேக்கறா. எனக்கு விளங்கல. நல்லாத்தான் இருக்காங்கன்னேன். வூட்டுக்காரர் இருக்காரானு அடுத்த கேள்வி. சீக்குல கெடந்தவங்க சீலை இல்லையே, அறுத்தவங்க சீலை இல்லையே, செத்தவங்க சீலை இல்லையேன்னு வரிசையாக் கேக்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். கட்டுனவ நல்லாக் குண்டா இருந்தா, போதுமான்னு கேட்டுப் போனை வெச்சுட்டேன்.

அந்தச் சீலை போகல. அதுக்கடுத்ததும் போகல. யாரப் பாத்தாலும் இதே கேள்வி. வெலைய எறக்கினாலும் இந்தக் கேள்வி மட்டும் நிக்கல. ஏனுங்க, உங்களக் கேக்கறேன், சீலை என்ன பண்ணும்? கட்டுனவ வூட்டுக்காரன் செத்தா அதுக்குச் சீலை என்ன பண்ணும்? அது நூலு. பட்டுப் பூச்சி துப்புன நூலு. ஆனா யாருகிட்டச் சொல்ல?

அப்பத்தான் அந்தப் போட்டாவப் போட்டேன். கட்டுனது எல்லாமே இவங்கதான், பெருந்துறையில பெரிய குடும்பம், ரெண்டு பசங்க, ரெண்டு மருமகளுங்க, அறுபதாங் கல்யாணம் பாத்தவங்க, ராசியான கைன்னு எழுதினேன். பொய்யில்லீங்களே? அந்த அரக்கு அன்னைக்கே போச்சு. அந்த வாரத்துல பதினோரு சீலை. உங்களையாட்டம் எல்லாரும் போன் பண்ணி அந்தம்மா சீலையே குடுங்கன்னு நின்னாங்க. பொண்ணுப் பாக்க வாரப்பக் கட்டறதுக்கு ஒண்ணு, வளைகாப்புக்கு ஒண்ணுன்னு. ஜெகதாம்மா சீலைன்னே பேராயிப்போச்சு.

அந்தச் சீலைக எங்கிட்ட எப்படி வந்துச்சுன்னு கேக்கமாட்டீங்களே? அது ஒரு கூத்து. அவ குடுத்தது. பதினெட்டு வருசமாக் குடுத்தது. தீவாளிக்கு ஒரு பை, ஆடிப் பதினெட்டுக்கு ஒரு பை. ஒண்ணு ரெண்டு தடவை கட்டுனது, சிலது கட்டாததுங்கூட. ஆனா கலரைப் பாக்கோணுமே. கிளிப்பச்சை, அரக்கு, மாம்பழ மஞ்சள், குங்குமக் கலரு. எனக்கு! என்ற வூட்டுக்காரரு லாரியில போயி வேலூர்கிட்ட அடிபட்டுப் போய்ச் சேந்தப்ப எனக்கு முப்பத்தி நாலு வயசு. பதினாறு கும்புட்டு முடிக்கல, வெள்ளையக் குடுத்து உக்காரவெச்சுட்டாங்க என்ற மாமியா. அப்பறம் போனாப் போவுதுன்னு வெளுத்த கலருக. சாம்பலு, சந்தனம், இப்பக் கட்டியிருக்கறனே, இந்தச் செத்த ஊதா. அதுக்கு மேல நான் ஆசைப்பட்டதில்ல. ஊருக்குள்ள வசந்தாமணின்னா ஒரு பேரு இருக்குதுங்க. ஒரு வாய் ஒண்ணு சொல்ல வெச்சதில்ல.

அப்படிப்பட்டவளுக்கு ஒருத்தி கிளிப்பச்சையக் கொண்டாந்து குடுத்தா என்ன அர்த்தம்? கட்டு வசந்தா, எவளாச்சும் ஒரு வார்த்தை கேட்டா நான் வந்து பேசிக்கறேங்கறா. என்ற மாமியா கண்ணு முன்னாடியே சொன்னா. மாமியாளுக்கும் அவளுக்கும் அன்னைக்குச் சரியான சண்டை. இந்தச் சின்ன வயசுல இவ எதுக்குங்க வெள்ளையக் கட்டோணும்னு கத்துனா. என்ற மாமியா மூணு வருசம் அவளோட பேசல. பாத்தீங்களா குசும்ப? எனக்கும் மாமியாளுக்கும் நடுவுல சண்டைய மூட்டிவிடோணும். நான் பச்சையக் கட்டிட்டுக் கடைவீதியில நடக்கோணும். ஊரு சிரிக்கோணும். நான் மசியல. குடுக்கக் குடுக்க வாங்கி பீரோவுல வெச்சேன். கட்டுனியா வசந்தான்னு ஒவ்வொரு தீவாளிக்கும் கேப்பா. கட்டலைம்பேன். அடுத்த தடவை இன்னும் அடிக்கிற கலராக் கொண்டாருவா. அத்தனை வன்மம்.

அந்தக் கோவத்துலதான் விக்கவே ஆரமிச்சேன், நெசத்தைச் சொல்றேன். பேஜ்ல அவ போட்டாவப் போட்டதை யாரோ சொல்லி அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. சண்டைக்கு வருவான்னு காத்துட்டிருந்தேன். என்ன பேசோணும்னு எல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். போன் பண்ணிச் சிரிக்கறா. நீதான் கட்ட மாட்டீங்கற, எவளாச்சும் கட்டட்டும் வசந்தா, நல்லா வித்துக்கோங்கறா. அண்ணன் பின்னாடியிருந்து, என்ற மீசை நல்லா விழுந்திருக்குதான்னு கேக்கறாரு. பெருமை புடிச்ச குடும்பமுங்க.

அவ சீலை எத்தனை நாளைக்கு வரும்? தீந்துபோச்சு. ஈரோட்டுல பழந்துணி யாவாரி ஒருத்தன் இருக்கறான், அவங்கிட்ட மூட்டை எடுத்தேன். பாத்திரத்துக்குப் போட்டது, நேந்துகிட்டுக் குடுத்தது, என்னென்னமோ இருக்கும். கரையப் பாத்துப் பொறுக்கி எடுப்பேன். அதுவும் ஜெகதாம்மா சீலைதான். ஒருத்தி கேட்டா, ஏங்க்கா, நானூறு சீலையா வெச்சிருந்தாங்க அவங்கன்னு. வசதியான பொம்பளைக்கு நானூறு இருக்கக்கூடாதான்னு கேட்டேன்.

அதா நிக்குது பாருங்க பொம்மை. ஜவுளிக்கடை ஒண்ண மூடினப்ப வாங்கினது. எடது கை கெடையாது, முந்தானையப் போட்டுட்டாத் தெரியாது. மொதல்ல சும்மா கட்டி நிறுத்துனேன். பொம்மை நெத்தி மூளியா இருக்குதுங்க, பாக்கவே நல்லால்லைன்னு கமெண்ட் வந்துச்சு. பொம்மைக்கு! சரின்னு பொட்டு வெச்சேன், பூ வெச்சேன், கழுத்துல ஒரு கவரிங் சங்கிலி. தெனமும் காலையில எந்திரிச்சதும் அதுக்குக் குங்குமம் வெச்சு விடறதுதான் மொதச் சோலி. அத்தனை வருசத்துக்கப்பறம் அப்பத்தான் குங்குமத்த வெரல்ல தொட்டேன். பொம்மைக்குத்தான வெக்கறோம், யாரு கேக்கப் போறாங்க?

என்ன, கையப் பாக்கறீங்க? லைவ்ல வளையல் கெடந்துச்சேன்னா? அது லைவுக்கு மட்டும் போடறது. முடிஞ்சதும் கழட்டி டப்பாவுல வெச்சிருவேன். லைவுல கையுங் கொரலுந்தான. கட்டுனவ யாருன்னு ஆயிரம் பேரு கேட்டீங்க, மடிச்சுக் குடுக்கறவ யாருன்னு ஒருத்தி கேட்டீங்களா? நான் மடிச்சுக் குடுத்த சீலையக் கட்டி எத்தனை கல்யாணம் கூடியிருக்குது. ஒண்ணும் ஆயிரலையே?

சரி, கதைக்கு வர்றேன். போன வருசம் கார்த்திகையில அண்ணனுக்கு முடியல. கோயம்புத்தூர்ல ஆஸ்பத்திரி. நான் வேண்டாத சாமி இல்லைங்க. சென்னிமலை ஏறினேன். அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது, தை மாசம் முழுக்க முகூர்த்தம், ஆர்டரு வந்து குமியுது. நீங்க ஒரு மாதிரி பாக்கறீங்க. கூடப்பொறந்தவருக்காகவுந்தான் வேண்டினேன். ரெண்டுக்கும் ஒரே வேண்டுதல்தான, ஒரே மலைதான?

தை பதினொண்ணு. காலையில ஏழு மணிக்குப் போன் வருது. அண்ணன் போயிட்டாருன்னு. ஆனா பார்சல் நாப்பது கட்டிக் கெடக்குது. கொரியர்க்காரன் பதினோரு மணிக்குத்தான் வருவான். அந்த ஞாயித்துக்கெழம முகூர்த்தத்துக்குக் கட்ட வேண்டிய சீலைக. உங்களுதும் அதுல இருந்திருக்கும். விட்டுட்டுப் போனா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா? இருந்து அனுப்பிச்சுப்போட்டு, பஸ் புடிச்சுப் பெருந்துறை போனேன். தெருமுனையில எறங்கறேன், அண்ணனைத் தூக்கிட்டு எதுக்கால வர்றாங்க. மொகத்த மூடியாச்சு. நின்னு பாக்கறதுக்குள்ள போயிட்டாங்க. ஒரு அரை மணிநேரம் பொறுக்கக்கூடாதா? ஒருத்தருக்கும் பொறுக்கல. ஒத்தைத் தங்கச்சி நானு.

உங்களுக்காகத்தான் நின்னேன், அந்த நாப்பது பார்சலுக்காக. அதுல பாதி இப்பத் திரும்பி வந்து அந்த மூலையில கெடக்குது.

அப்பறம் கோடி போடற நேரம். அவ பொறந்த வூட்டுலிருந்து வெள்ளைச் சீலை கொண்டாந்திருந்தாங்க. அதை இன்னொரு அறுத்தவதான் உடுத்திவிடோணும். வசந்தாமணியக் கூப்புடுங்கன்னாங்க. மொகம் பாக்கறதுக்குக் காத்திருக்காதவங்களுக்கு இதுக்கு மட்டும் வசந்தாமணி வேணும். போனேன். உள் ரூமுல உக்காந்திருந்தா. நான் சீலையோடவே பொழங்கறவ, நான் மடிப்பு வெச்சா நிக்கும். நல்லாத்தான் கட்டிவிட்டேன், நேரா, சுருக்கமில்லாம. கட்டி முடிச்சதும் என்ற கையப் புடிச்சுக்கிட்டா. புடிச்சுட்டே இருந்தா. அவளுக்கு வூட்டுக்காரர் போனாரு. எனக்கும் அண்ணன் போயிருக்கறாரு. எனக்குச் சோலி கெடக்குதுன்னு சொல்லிக் கைய உருவிட்டு வந்துட்டேன்.

பேஜ்ல ஒண்ணும் போடல. வீட்டுல கரண்டு வேலை நடக்குது, பத்து நாளைக்கு லைவ் இல்லைன்னு எழுதிப்போட்டேன். அத்தோட போயிருக்கும். என்ற அண்ணன் பசங்க இருக்கறானுகளே, அவனுக பெருந்துறை பஸ் ஸ்டாண்டுல ரெண்டாள் உசரத்துக்குக் கண்ணீர் அஞ்சலின்னு ஃப்ளெக்ஸ் வெச்சுட்டானுக. எந்தப் போட்டா? அதே அறுபதாங் கல்யாணப் போட்டா. பொண்டாட்டிய வெட்டிட்டு அவர மட்டும் எடுத்து. மாலை அதே மாலை, மீசை அதே மீசை. கீழால தங்கை வசந்தாமணி, சித்தோடுன்னு என்ற பேரு. பஸ்ஸுக்கு நின்ன எவளோ ஒரு புண்ணியவதி அதப் புடிச்சுப் பேஜ்ல போட்டுட்டா. இந்த அம்மாவா உங்க ராசிக்காரின்னு ஒரு வரி.

அவ்வளவுதாங்க. ஒரே நாள். நேத்து வரைக்கும் அக்கா அக்கான்னவங்க. கட்டி நிச்சயம் முடிஞ்சு, புள்ளையுங் குட்டியுமா இருக்கறவங்களும் அனுப்பறாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால வாங்குன சீலைய இப்ப அனுப்பறாங்க. நாமக்கல்காரி ஒருத்தி மஞ்சத் தண்ணி தெளிச்சு அனுப்பியிருக்கறா, கரை பூராவும் கறை. உங்களுக்கு யாரு சொன்னது, மாமியாளா? மாமியாளாத்தான் இருக்கும்.

அவ வந்த கதையச் சொல்லலையே. மூணு வாரம் இருக்கும். கதவத் தட்டறாங்க, தொறந்தா நிக்கறா. வெள்ளையில. கார் வெச்சிருக்கற குடும்பம், பஸ்ஸுல வந்திருக்கறா. எனக்கு ஒரு நிமிசம் யாருன்னே தெரியலைங்க. நெசமாச் சொல்றேன், வாசல்ல நானே நிக்கறாப்பல இருந்துச்சு. 

இந்தக் கட்டில்லதான் உக்காந்தா, நீங்க இருக்கற எடத்துல. மருமகளுக ரெண்டு பேரும் பீரோவத் தொறந்து சீலையெல்லாம் பங்கு போட்டுட்டாங்களாம். இனி உங்களுக்கு எதுக்குங்கத்தைன்னு கேட்டுட்டுத்தான் எடுத்தாங்களாம், மரியாதையா. பசங்க ஒண்ணும் பேசலையாம். அவளுக்கு ஒரு வாக்குத் திருப்பிச் சொல்ல முடியலையாம். என்ற மாமியாகிட்ட என்ன வாய் பேசினவ! எனக்காகக் கத்தத் தெரிஞ்சுது, அவளுக்குன்னு வந்தப்ப வாய் வரல.

அப்பறம் கேட்டா. வசந்தா, நான் குடுத்ததுல அந்தக் கிளிப்பச்சை இருக்குதா, மாம்பழக் கரை போட்டது? உனக்கு மொதத் தீவாளிக்குக் குடுத்தனே. அதை மட்டும் குடு. வூட்டுக்குள்ளயாச்சும் கட்டிக்கறேன்னா.

அது அந்தக் கதவுக்குப் பின்னால இருந்துச்சுங்க. முந்துன நாள்தான் வாங்குனவ திருப்பி அனுப்பியிருந்தா. கவரைக்கூட முழுசாப் பிரிக்கல. வித்துப்போச்சுங்கன்னேன்.

அப்பறம் அவ சீலையத் தொட்டுப் பாத்துட்டே, பதினெட்டு வருசம் எப்படிடி நீ இதக் கட்டிட்டு இருந்தே, வசந்தான்னு கேட்டா. கேட்டா பாருங்க கேள்வி! யாருகிட்ட வந்து எதக் கேக்கறா? பழகிரும்னேன். தண்ணி குடுத்தேன். குடிச்சா. போயிட்டா. கேட் வரைக்கும் போனேன். வெயில்ல அந்த வெள்ளை கண்ணக் கூசுச்சு.

ஏன் குடுக்கலைன்னுதான பாக்கறீங்க? உங்க மொகத்துலயே எழுதியிருக்குது. நீங்க ரொம்ப நல்லவங்க, சீலைய மட்டும் வூட்டுல வெச்சுக்கமாட்டீங்க. சொல்றேன் கேட்டுக்கங்க. குடுத்தா அவ கட்டிருவா. வூட்டுக்குள்ளம்பா, அப்பறம் வாசலுக்கு வருவா, அப்பறம் கோயிலுக்கு. அவ துணிஞ்ச கட்டை. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, காலம் மாறிப்போச்சும்பாங்க. அப்ப நான்? நான் எதுக்குங்க இதைக் கட்டிட்டுக் கெடந்தேன்? முப்பத்தி நாலு வயசுலிருந்து? பீரோ நெறைய வெச்சுட்டு? ஒரு பச்சையக் கட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு அவ வந்து எனக்குக் காட்டோணுமா? எனக்கு அது வேண்டாம். அவளும் கட்டட்டும் வெள்ளைய. நான் கட்டுனாப்பல கட்டட்டும்.

கண்ணுல தூசுங்க. பழந்துணி ரூமுல்ல.

நேத்துப் போன் பண்ணினா. ஒருதரம் தேடிப் பாரு வசந்தா, ஞாயித்துக்கெழம நானே வந்து கூடத் தேடறேன்னா. வேண்டாம்னா கேக்கமாட்டா, வந்துருவா. அதுக்குத்தான் இத்தனை அவசரம். மித்ததெல்லாம் பழந்துணிக்காரன் சாயந்தரம் வந்து தூக்கிட்டுப் போயிருவான், சொல்லியாச்சு. அவங்கிட்ட இந்தப் பச்சைய மட்டும் போடறதுக்கு மனசு வரல. ரெண்டு தடவை மூட்டையில வெச்சு ரெண்டு தடவை எடுத்துட்டேன். நல்ல சீலை.

உங்க பையில இருக்கற சீலைய எடுங்க பாக்கலாம். இதானா? இது அவளுதே இல்லீங்க. ஈரோட்டு மூட்டையில வந்தது. யாரு கட்டுனதுன்னு அந்தச் சாமிக்குத்தான் தெரியும். நீங்க பயந்துட்டு இத்தனை தூரம் வந்ததே தெண்டம். அதையும் நீங்களே வெச்சுக்கங்க.

இந்தாங்க, இந்தப் பச்சையவும் புடிங்க. பிரிச்சுப் பாருங்க. கலரைப் பாருங்க, பதினெட்டு வருசத்துச் சீலை மாதிரியா இருக்குது? வாங்குனவளும் கட்டவேயில்லைங்க, ஒரு நாள்கூட. காசு வேண்டாம். சும்மாத்தான் குடுக்கறேன். ஏன் கைய எடுத்துட்டீங்க? புடிங்கங்கறேன். நான் பொய் சொல்ற பொம்பளை இல்லீங்க, இத்தனை வயசுல அவகிட்ட ஒரு பொய் சொன்னதில்ல, அந்த ஒண்ணத் தவுர. நீங்க இதத் திருச்சிக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா, நாளைக்கு அவ வந்து கேக்கறப்ப இல்லைன்னு சொல்றது நெசமாயிரும்.